குடிசையைப் புகழ்ந்தார்களா, தங்களைத் தாங்களே தேற்றிக்கொண்டார்களா?

கேள்வி இதுதான்: "லியூ யூஷி எழுதிய 'எளிய அறைக் கல்வெட்டு' படித்தேன். பதவி போன ஒருவர் மனதைத் தேற்றிக்கொள்ள எழுதியது போலத்தான் தெரிகிறது. பழைய சீன இலக்கியத்தில் குடிசையைப் புகழ்வதெல்லாம் இப்படித்தானா? இதற்குப் பிறகு எதைப் படிக்கலாம்?"

நல்ல கேள்வி. தேற்றிக்கொள்ளுதல் அதில் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு முடித்துவிட்டால் அந்த மரபில் நடந்த பெரிய வாக்குவாதம் கண்ணில் படாமலே போய்விடும். ஒரு மனிதனின் மதிப்பை யார் தீர்மானிப்பது, அரசவையா அவனேயா என்பதுதான் அங்கே வழக்கு. குடிசை அந்த வழக்கின் சாட்சி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை வைத்துப் பார்த்தால்தான் இந்த எழுத்தாளர்களில் யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்பது தெரியும். என் பதிலின் சாரம் அதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

படிக்காதவர்களுக்காக முதலில் அந்தக் கல்வெட்டையே தருகிறேன். மூலத்தில் மொத்தம் 81 எழுத்துகள்தான்.

"மலைக்கு உயரம் வேண்டாம், சித்தர் ஒருவர் இருந்தால் பேர் வந்துவிடும். நீருக்கு ஆழம் வேண்டாம், டிராகன் ஒன்று இருந்தால் மகிமை வந்துவிடும். இது எளிய அறைதான், ஆனால் என் ஒழுக்கத்தின் மணம் இங்கே இருக்கிறது. பாசி படியேறிப் பச்சையாகப் படர்கிறது, புல்லின் நிறம் திரை வழியே உள்ளே வருகிறது. சிரித்துப் பேச இருப்பவர்கள் பெரிய அறிஞர்கள், வந்து போகிறவர்களில் கல்லாதவர் இல்லை. அலங்காரமில்லாத யாழை மீட்டலாம், சூத்திரம் படிக்கலாம். காதைக் குழப்பும் கச்சேரி இல்லை, உடம்பை வாட்டும் கோப்புகள் இல்லை. நான்யாங்கில் ஜூகே லியாங்கின் குடிசை, மேற்கு ஷூவில் யாங் ஷியோங்கின் மண்டபம். கன்பூசியஸ் சொன்னார்: இதில் என்ன குறை?"

அவ்வளவுதான். 1695-இல் தொகுக்கப்பட்ட ஒரு புகழ்பெற்ற உரைநடைத் திரட்டில் சேர்ந்து, அப்புறம் பள்ளிப் பாடமாகி, இன்று சீனாவில் படித்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மனப்பாடம்.

இதை எழுதியவராகச் சொல்லப்படும் லியூ யூஷியின் (772–842) வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இதன் தொனி மாறிவிடும். 793-இல் அரசுத் தேர்வில் தேறியவர். 805-இல் ஷுன்சோங் பேரரசர் ஒரு வருடம்கூட முழுதாக ஆளாத அந்தக் குறுகிய காலத்தில், வாங் ஷூவென் தலைமையில் ஒரு குழு, விதையடிக்கப்பட்ட அரண்மனை அதிகாரிகளின் பிடியைத் தளர்த்தவும் அரண்மனைக்காகச் சந்தையில் மக்களிடம் பொருள்களை அடித்துப் பிடுங்குவதை நிறுத்தவும் முயன்றது. லியூ அந்தக் குழுவின் முக்கியமான ஆள். பேரரசர் நோயால் பதவி விலக நேர்ந்ததும் குழு சரிந்தது. தலைவர் அடுத்த வருடம் கொல்லப்பட்டார், எட்டுப் பேர் எட்டு மூலைகளுக்குப் பெயருக்கு ஒரு பதவியோடு அனுப்பப்பட்டார்கள். லியூவுக்கு லாங்ஜோ, இன்றைய ஹூனான் மாநிலத்தில்.

அங்கே ஏறத்தாழ 10 வருடம். 815-இல் தலைநகருக்குத் திரும்ப அழைத்தார்கள். வந்தவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஒரு தாவோயிசக் கோயிலில் பீச் மரங்கள் பூத்திருப்பதைப் பார்த்து, இங்கே இருக்கும் ஆயிரம் மரங்களும் நான் போன பிறகு நட்டவை என்று ஒரு கவிதை எழுதினார். மரம் என்றது யாரை என்று அரசவைக்குப் புரியாமல் போகுமா? மறுபடி வெளியே, இந்த முறை இன்னும் மோசமான போஜோவுக்கு. அவருடைய தாய்க்கு அப்போது 80 வயதுக்கு மேல். நண்பர் லியூ சோங்யுவான், தனக்குக் கிடைத்திருந்த ஊரை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தான் போஜோ போவதாக மனுப்போட முன்வந்தார். கடைசியில் தெற்கே லியென்ஜோ என்று மாற்றினார்கள். அதன் பின் குய்ஜோ, அப்புறம் 824-இல் ஹேஜோ. எல்லாம் கூட்டி 23 வருடம் ஒதுக்கி எறியப்பட்டுக் கிடந்தேன் என்று அவரே 826-இல் கவிஞர் பாய் ஜூயிக்கு எழுதிய கவிதையில் சொல்கிறார். இது முடிந்து தலைநகருக்கு வந்து 828-இல் என்ன செய்தார் தெரியுமா? அதே கோயிலுக்குப் போய் இன்னொரு பீச் கவிதை எழுதினார்: முற்றத்தில் பாதி பாசி, மரங்கள் எல்லாம் போய்விட்டன, அவற்றை நட்டவர் எங்கே, அன்று வந்த லியூ இதோ மறுபடி வந்திருக்கிறேன். எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடிக்கும். இவர் தேற்றிக்கொள்கிற ஆளே இல்லை, எதிர்த்து நிற்கிற ஆள்.

கல்வெட்டைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஹேஜோவில் ஒரு உள்ளூர் அதிகாரி இவரை மூன்று முறை வீடு மாற்ற வைத்து, ஒவ்வொரு முறையும் சிறிய வீடாகக் கொடுத்து, கடைசியில் ஒற்றை அறையில் தள்ளினான், அதற்குப் பதிலடியாக எழுதியதுதான் இது என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம்ப முடியாது. ஹேஜோவுக்கு அவர் போனது அந்த மாவட்டத்தின் தலைமை அதிகாரியாக. அவரை ஒரு அறையில் அடைக்கும் அதிகாரம் அவருக்குக் கீழே இருந்த யாருக்கும் கிடையாது. தலைமை அதிகாரிக்குக் கோப்புகள் இல்லை என்பதும் பொருந்தவில்லை. இன்னொரு சிக்கல், இந்தக் கல்வெட்டு லியூவின் பழைய நூல் தொகுப்பில் இல்லை. பின்னால் வந்த சோங் வம்சக் காலத்திலேயே ஜியுவான் என்ற பௌத்தத் துறவி, இவ்வளவு தற்பெருமை லியூவுக்கு ஒட்டாது, யாரோ அவர் பெயரில் எழுதியது என்று வாதிட்டார். இன்றைக்கும் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால், பீச் கவிதைகளை எழுதிய மனிதருக்கு இந்தத் தொனி ஒட்டாது என்பது வலுவான வாதம் அல்ல. ஆனால் தொகுப்பில் இல்லை என்பது கனமான விஷயம். எழுதியது யார் என்பதைத் திறந்தே வைத்துவிட்டுப் படிப்பதுதான் நேர்மை.

சரி, எழுத்துக்கு வருவோம். கடைசி வரியைக் கவனியுங்கள், மொத்த விஷயமும் அங்கேதான் இருக்கிறது. கன்பூசியஸின் உரையாடல்களில் 9-ஆம் பகுதியில் வரும் சம்பவம் அது. கிழக்கே நாகரிகமற்றவர்கள் என்று கருதப்பட்டவர்கள் வாழும் இடத்தில் போய்க் குடியேறப் போகிறேன் என்கிறார் குரு. அங்கே ஒரு வசதியும் இருக்காதே, எப்படி இருப்பீர்கள் என்று யாரோ கேட்கிறார்கள். அதற்கு அவர், "சான்றோன் ஒருவன் அங்கே வாழ்ந்தால் அதில் என்ன குறை?" என்கிறார். கல்வெட்டு இதில் பிற்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. "சான்றோன் ஒருவன் அங்கே வாழ்ந்தால்" என்ற முற்பாதி காணோம். படிக்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த வரி முழுதாகத் தெரியும், அதனால் விட்ட பாதியை அவர்கள் வாயாலேயே சொல்லிக்கொள்வார்கள். நான் சான்றோன் என்று எழுதியவர் சொல்லவில்லை, படிக்கிறவரைச் சொல்ல வைக்கிறார். இன்னொரு நுணுக்கம், அதுவரை வரிக்கு வரி ஒரே இயைபில் ஓடிவந்த ஓசை இந்தக் கடைசி வரியில் மட்டும் அறுந்து போகிறது. பாட்டு நின்று பேச்சு தொடங்குகிற மாதிரி இருக்கும்.

மணம் என்ற வரியும் சும்மா வந்ததல்ல. வேள்வியில் படைக்கும் தானியம் மணப்பதில்லை, தெளிந்த ஒழுக்கம் ஒன்றே மணக்கிறது என்று மிகப் பழைய சீன நூல் ஒன்றில் வருகிறது. தெய்வங்கள் அரசனின் படையலைப் பார்ப்பதில்லை, நடத்தையைப் பார்க்கின்றன என்பது பொருள். அரசர்களுக்குச் சொன்ன எச்சரிக்கையை எடுத்து ஒரு ஒதுக்கப்பட்ட அதிகாரியின் ஒற்றை அறையில் வைக்கிறார் எழுதியவர். இதைத் தேற்றுதல் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

ஜூகே லியாங்கின் குடிசையையும் பாருங்கள். வயலை உழுதுகொண்டு குடிசையில் கிடந்த அவரைத் தேடிப் போர்த்தலைவர் லியூ பெய் மூன்று முறை போனார், கடைசியில் அவர் ஒரு அரசின் முதலமைச்சர் ஆனார். அப்படியானால் அந்தக் குடிசை உலகைத் துறந்தவனின் குடிசை அல்ல, அழைப்பு வரும் வரை ஒருவன் தன் தகுதியைக் காத்துவைத்திருந்த இடம். பக்கத்திலேயே யாங் ஷியோங்கை வைக்கிறார். அவர் ஹான் காலத்து எழுத்தாளர், பெரிய பதவிக்கு வராமல் வறுமையில் இருந்து புத்தகம் எழுதியவர். அழைப்பு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, இரண்டுக்கும் ஒரு முன்னோடி இருக்கிறார் என்பதுதான் அந்த ஜோடியின் அர்த்தம்.

ஆனால் எனக்கு இதில் உறுத்துகிற வரி ஒன்று உண்டு. "வந்து போகிறவர்களில் கல்லாதவர் இல்லை." அறை எளியது, ஆனால் வாசல் எல்லோருக்கும் திறக்கவில்லை. அரசவையின் தரவரிசையை மறுக்கிற அதே மூச்சில் இன்னொரு தரவரிசையை வாசலில் நிறுத்துகிறார். பாசி படிமேல் ஏறுகிறது என்றால் அந்தப் படியை அதிகம் பேர் மிதிப்பதில்லை என்றுதானே அர்த்தம். இந்த உறுத்தலை மனதில் வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் போவோம்.

இந்த மரபின் வேர் யென் ஹுய். கன்பூசியஸுக்கு மிகவும் பிடித்த மாணவர். "ஒரு மூங்கில் கூடைச் சோறு, ஒரு சுரைக்குடுவைத் தண்ணீர், குறுகிய சந்தில் வாசம். மற்றவர்களால் அந்தத் துயரத்தைத் தாங்க முடியாது, ஹுய்யோ தன் மகிழ்ச்சியை மாற்றிக்கொள்ளவில்லை." இதில் வறுமை நல்லது என்று ஒரு சொல் இல்லை. தாங்க முடியாத துயரம் என்று வறுமையை வறுமையாகவே சொல்லிவிட்டுத்தான் மனிதரைப் புகழ்கிறார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கூடையையும் குடுவையையும் சந்துவாசத்தையும் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்.

கன்பூசியஸின் இன்னொரு சீடர் யுவான் ஷியென் பற்றிச் சுவாங்ட்ஸு என்ற பழைய தாவோயிச நூலில் வரும் கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். நான்கு பக்கமும் ஒரு சுவர் நீளம்தான் வீடு. கூரையில் புல் முளைத்திருக்கிறது, கதவு செடித்தண்டுகளைப் பின்னியது, அதுவும் முழுதாக இல்லை, கதவு சுழலும் முளை முசுக்கொட்டைக் கிளை, ஜன்னலாக இருப்பது உடைந்த பானையின் வாய். மேலே ஒழுகுகிறது, கீழே ஈரம், நடுவில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து நரம்புக்கருவி வாசிக்கிறார். பழைய சகமாணவர் சிகோங் இப்போது பணக்காரர், பெரிய குதிரைகள் பூட்டிய வண்டியில் பார்க்க வருகிறார், வண்டி சந்துக்குள் நுழையவில்லை. யுவான் ஷியென் மரப்பட்டைத் தொப்பியும் தேய்ந்த செருப்புமாக, கோலை ஊன்றி வாசலுக்கு வருகிறார். "ஐயோ, உங்களுக்கு என்ன நோய்?" என்கிறார் சிகோங். "பணம் இல்லாதது வறுமை. கற்றதை நடத்திக்காட்ட முடியாததுதான் நோய் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு இருப்பது வறுமை, நோய் அல்ல" என்று பதில் வருகிறது. சிகோங் வெட்கி ஓரடி பின்னால் போகிறார். அந்த ஒழுகலும் ஈரமும் பானைவாய் ஜன்னலும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லப்பட்டதால்தான் அந்தப் பதிலுக்குப் பலம்.

அடுத்து கவிஞர் தாவோ யுவான்மிங். 427-இல் இறந்தவர். 405-இல் பெங்ட்ஸே என்ற சிற்றூரின் நடுவராக 80 நாள் சொச்சம் இருந்துவிட்டு விலகி ஊருக்குத் திரும்பினார். மேலதிகாரி வருகிறான், இடைப்பட்டை கட்டிக்கொண்டு போய் வணங்கு என்றார்கள், ஐந்து படி அரிசிக்காக முதுகை வளைக்க மாட்டேன் என்று விலகினார் என்பது வரலாற்று நூல்கள் சொல்லும் கதை. அவரே எழுதிய முன்னுரையில் தங்கையின் மரணத்தைக் காரணமாகச் சொல்கிறார். அதைவிட முக்கியம், வேலைக்குப் போனதே ஏன் என்பதற்கு அவர் தரும் காரணம்: உழுது விதைத்ததில் வயிறு நிரம்பவில்லை, வீடு நிறையச் சிறு பிள்ளைகள், ஜாடியில் தானியம் இல்லை. ஊருக்குத் திரும்பியதைக் கொண்டாடும் கவிதையில், பத்துச் சொச்சம் மூ (சீன நில அளவு) நிலம், எட்டு ஒன்பது கட்டு ஓலைவீடு, பின்கூரைக்கு நிழலாக எல்ம் மரமும் வில்லோவும், முன்னால் பீச்சும் பிளமும் என்று அடுக்குகிறார். இதைப் படித்துவிட்டு எவ்வளவு சுகமான வாழ்க்கை என்று நினைத்து நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். அப்படி நிறுத்தாதீர்கள். 408 கோடையில் அந்த வீடு மொத்தமாக எரிந்து போனது. ஒரு கூரையும் மிஞ்சவில்லை, வாசலில் கட்டியிருந்த படகில் ஒண்டினோம் என்று அதையும் எழுதியிருக்கிறார். பின்னொரு கவிதையில் பசி தன்னை வெளியே துரத்துகிறது, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்து ஒரு வாசலில் நின்று கதவைத் தட்டிவிட்டு, என்ன சொல்வது என்று வாய் வராமல் நிற்கிறார். வீட்டுக்காரர் புரிந்துகொண்டு கொடுக்கிறார், உட்கார வைத்துப் பொழுது சாயும் வரை பேசுகிறார், மது ஊற்றுகிறார். இந்தக் கடனை உயிரோடு அடைக்க முடியாது, செத்த பிறகாவது அடைப்பேன் என்று கவிதை முடிகிறது. எளிய வீட்டின் கண்ணியத்தைப் பாடியவர் யாசித்த நாளையும் மறைக்காமல் வைத்தார் பாருங்கள், அந்த நேர்மைக்காகத்தான் 1,600 வருடமாக அவரைப் படிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

வாசல் விஷயத்திலும் தாவோ ஒரு படி முன்னே. "மனிதர்கள் வாழும் இடத்திலேயே குடிசை போட்டேன், ஆனாலும் வண்டி குதிரைச் சத்தம் இல்லை. எப்படி என்று கேட்கிறாய், மனம் தொலைவில் இருந்தால் இடம் தானே ஒதுக்குப்புறமாகும்." காட்டுக்கு ஓடவில்லை, அக்கம்பக்கத்தோடு இருக்கிறார். தெற்குக் கிராமத்துக்குக் குடிமாறியபோது, நல்ல மனையா என்று பார்த்து வரவில்லை, களங்கமில்லாத மனமுள்ளவர்கள் இங்கே நிறைய என்று கேள்விப்பட்டு வந்தேன், வீடு பெரிதாக இருந்து என்ன, கட்டிலுக்கும் பாய்க்கும் மறைவு கிடைத்தால் போதும் என்கிறார்.

இதற்குள் பாய் ஜூயி போன்றவர்களும் உண்டு. அவர் 817-இல் லூஷான் மலையில் கட்டிய ஓலைக்குடில் அழகானது, மரத்தைச் செதுக்கியதோடு சரி, சாயம் பூசவில்லை, சுவரை மண்ணால் மெழுகியதோடு சரி, சுண்ணாம்பு அடிக்கவில்லை என்று பெருமையாக எழுதுகிறார். ஆனால் அவர் அப்போதும் சம்பளம் வாங்கும் அதிகாரி, எளிமை அவர் தேர்ந்தெடுத்த ரசனை. குறை சொல்லவில்லை, யுவான் ஷியெனின் ஒழுகும் கூரையோடு சேர்த்து ஒரே வரிசையில் வைக்க முடியாது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது கவிஞர் து ஃபூ (712–770). நான் இவ்வளவு நேரம் வந்துகொண்டிருந்தது இவரிடம்தான்.

755-இல் பெரிய கலகம் வெடிக்கிறது. அதே வருடக் கடைசியில் வீட்டுக்குத் திரும்பியவர் வாசலில் நுழையும்போதே அழுகுரல் கேட்கிறது, கடைசிக் குழந்தை பசியால் இறந்திருக்கிறது. சிவப்புக் கதவுகளுக்குப் பின்னால் இறைச்சியும் மதுவும் கெட்டு நாறுகின்றன, தெருவில் குளிரில் செத்தவர்களின் எலும்புகள் என்ற வரி அந்தக் கவிதையில்தான் இருக்கிறது. நாலைந்து வருடம் அலைந்துவிட்டு 759 கடைசியில் குடும்பத்தோடு செங்டு வந்து சேர்கிறார். 760 வசந்தத்தில் ஓடைக்கரையில் ஓலைவீடு கட்டுகிறார். கையில் ஒன்றும் இல்லை. அதனால் ஒவ்வொரு நண்பருக்கும் கவிதையாகவே கடிதம் எழுதிக் கேட்கிறார்: ஒருவரிடம் 100 பீச் கன்று, இன்னொருவரிடம் மூங்கில், இன்னொருவரிடம் வெள்ளைப் பீங்கான் கிண்ணம். கேட்கிறதில் ஒரு கூச்சமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. மனைவி தாளில் கோடுபோட்டுச் சதுரங்கப் பலகை செய்கிறார், சின்னப் பையன் ஊசியைத் தட்டி வளைத்துத் தூண்டில் முள் செய்கிறான். இந்த வீட்டில்தான் முதன்முதலாக மனைவியும் பிள்ளையும் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். லியூவின் அறையில் வீட்டு ஆட்கள் ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

விருந்தாளி வருகிறார். வாசல் பாதையை யாருக்காகவும் பெருக்கியதில்லை, இந்தச் செடிக்கதவு இன்றுதான் உங்களுக்காகத் திறக்கிறது, சந்தை தூரம், ஒரே பதார்த்தம்தான், மதுவும் பழையது என்கிறார். கடைசி இரண்டு வரியில், பக்கத்து வீட்டுக் கிழவரோடு குடிக்கச் சம்மதமா, வேலிக்கு மேலே கூப்பிட்டு மிச்சத்தை முடித்துவிடுவோம் என்று கேட்கிறார். வந்திருப்பவர் அதிகாரி. வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கிராமத்துக் கிழவர், லியூவின் வாசலில் இடமில்லாத அதே மனிதர்.

761 இலையுதிர்காலத்தில் புயல் கூரை ஓலையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. சில ஓலை ஓடைக்கு அக்கரையில் மரஉச்சியில் தொங்குகிறது, சில பள்ளத்தில் விழுகிறது. தெற்குக் கிராமத்துச் சிறுவர்கள், கிழவனுக்குத் தெம்பில்லை என்று தெரிந்து, கண்ணெதிரே ஓலையை அள்ளிக்கொண்டு மூங்கில் தோப்புக்குள் ஓடுகிறார்கள். கத்திக் கத்தித் தொண்டை வறண்டு கோலை ஊன்றித் திரும்பி வருகிறார். இரவு மழை. பல வருடப் போர்வை இரும்பு மாதிரி சில்லென்று இருக்கிறது, குழந்தை தூக்கத்தில் உதைத்து உள்துணியைக் கிழித்துவிட்டது, கட்டிலருகில் நனையாத இடமே இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறார்: ஆயிரம் பத்தாயிரம் அறைகள் கொண்ட பெரிய கட்டடம் ஒன்று எங்கே கிடைக்கும், உலகத்து ஏழைப் படிப்பாளிகள் அத்தனை பேரும் அதன் கீழே முகம் மலர்ந்திருக்க? அப்படி ஒன்று கண்முன் எழும்புமானால் என் குடிசை மட்டும் உடைந்து நான் குளிரில் செத்தாலும் போதும்.

யோசித்துப் பாருங்கள், அதுவரை இந்த மரபில் கேட்ட கேள்வி "இந்த எளிய வீட்டில் என்ன குறை?" என்பது. து ஃபூ குறை இருக்கிறது என்கிறார். ஒழுகுகிறது, குளிர்கிறது, தூக்கம் வரவில்லை. ஒழுக்கம் இருந்தால் ஒழுகல் பொருட்டில்லை என்று அவர் சொல்லவே இல்லை. நான் தாங்கிக்கொள்கிறேன் என்பதிலிருந்து யாரும் இதைத் தாங்க வேண்டியிருக்கக்கூடாது என்பதற்குப் போகிறார்.

இதற்கும் எதிர்ப்பு வந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1971-இல் சீன எழுத்தாளர் குவோ மொருவோ இந்தக் கவிதையைக் கடுமையாகத் தாக்கினார். கூரையில் மூன்று அடுக்கு ஓலை என்றால் அது வசதியான வீடுதான், ஏழைக் குழந்தைகளை து ஃபூ திருடர்கள் என்கிறார், பெரிய கட்டடமும் படித்த ஏழைகளுக்குத்தானே தவிர எல்லா ஏழைகளுக்கும் அல்ல என்பது அவர் வாதம். பண்பாட்டுப் புரட்சிக் காலத்து விமர்சனம், அந்தக் காலத்தின் அழுத்தம் அதில் தெரிகிறது. மூன்று அடுக்கு ஓலை பற்றிய பேச்சு அநியாயம், அன்றிரவு அந்த வீட்டில் நனையாத இடமே இல்லை. ஆனால் குழந்தைகளைத் திருடர்கள் என்றதும், "படிப்பாளிகள்" என்று நின்றதும் கவிதையில் இருக்கத்தான் செய்கிறது. அதை மழுப்பத் தேவையில்லை, ஏனென்றால் து ஃபூவே அங்கே நின்றுவிடவில்லை.

767-இல் குய்ஜோவில் இருக்கிறார். ஓலை வேய்ந்த தன் வீட்டை வூ என்ற இளைய உறவினருக்குக் குடியிருக்கக் கொடுத்துவிட்டு வேறு இடத்துக்கு மாறியிருக்கிறார். அந்த வீட்டு முற்றத்தில் இலந்தை மரங்கள். மேற்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெண், பிள்ளை இல்லை, சாப்பாடு இல்லை, து ஃபூ இருந்தவரை வந்து இலந்தையைத் தட்டி எடுத்துக்கொண்டு போவாள், அவர் விட்டுவிடுவார். வூ வந்ததும் வேலி போட்டார். அதைக் கேள்விப்பட்டு து ஃபூ எழுதிய எட்டு வரிக் கவிதை இருக்கிறதே, இந்தத் தலைப்பில் எனக்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வறுமை இல்லாவிட்டால் அவள் இப்படி வருவாளா, அவளுக்குப் பயம் இருக்கும் என்பதாலேயே இன்னும் அன்பாக இருக்க வேண்டும் என்கிறார். வூவையும் அவர் கண்டிக்கவில்லை: புதிதாக வந்த உன்னைக் கண்டு அவள் ஒதுங்குவது வீண் பயம்தான், ஆனால் நீ வேலி போட்டதும் அது நிஜம் போலாகிவிட்டது. பிறகு அவள் முன்பு சொன்னதை நினைக்கிறார், வரி வசூல் எலும்பு வரை உரித்துவிட்டது என்று. அங்கிருந்து போரை நினைத்து அழுகிறார். ஒரு முற்றம், ஒரு மரம், ஒரு வேலியில் தொடங்கி நாட்டின் வரிக்கும் போருக்கும் எட்டு வரியில் போய்விடுகிறார். இங்கே எளிய வீட்டின் ஒழுக்கம் வீட்டுக்காரர் எப்படி உட்கார்ந்திருக்கிறார், என்ன வாசிக்கிறார், யாரோடு பேசுகிறார் என்பதில் இல்லை. பழம் பொறுக்க வருகிறவள் பயப்படாமல் வர முடிகிறதா என்பதில் இருக்கிறது. அவள் படித்தவளா என்று யாரும் கேட்கவில்லை.

ஆக உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: லியூவின் கல்வெட்டு ஒரு எதிர்ப்பு, அதில் கர்வம் கலந்திருக்கிறது, அதை எழுதியவர் 23 வருடம் துரத்தப்பட்டவர் என்றால் அந்தக் கர்வத்தை நான் குறையாக எண்ண மாட்டேன். ஆனால் அதையே இந்த மரபின் உச்சம் என்று பாடப்புத்தகங்கள் நமக்குத் தருவதை ஏற்க மாட்டேன்.

இரண்டாவது கேள்வி, அடுத்து எதைப் படிப்பது. து ஃபூவின் செங்டு, குய்ஜோ கவிதைகளை முதலில் படியுங்கள், தாவோவை அதற்குப் பிறகு, தீப்பிடித்த கவிதையையும் யாசித்த கவிதையையும் தவிர்க்காத ஒரு தொகுப்பாகப் பார்த்து எடுங்கள். உரைநடை வேண்டுமென்றால் வாங் யூசெங் 999-இல் ஹுவாங்ஜோவுக்குப் பதவி இறக்கி அனுப்பப்பட்ட நிலையில் எழுதிய மூங்கில் மாடிக் கட்டுரை. மூங்கில் ஓடு பத்து வருடம் தாங்கும், இரண்டு அடுக்குப் போட்டால் இருபது என்று கூரைக்காரர் சொன்னதை எழுதிவிட்டு, நாலு வருடத்தில் எத்தனை ஊர் மாற்றினார்கள், அடுத்த வருடம் எங்கே இருப்பேனோ, மூங்கில் மக்குவதைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும் என்கிறார். அதே ஊருக்குப் பின்னால் தண்டனையாக வந்த சூ ஷி, 1082-இல் பனி பெய்யும்போது ஒரு கூடம் கட்டிச் சுவரெல்லாம் பனியை வரைந்து வைத்த கட்டுரையையும் சேர்த்துப் படிக்கலாம்.

அப்புறம் மிங் காலத்து குய் யோகுவாங் (1507–1571). தன் படிப்பறையைப் பற்றி இவர் எழுதிய கட்டுரையை விட்டுவிடாதீர்கள். ஒரு ஆள் மட்டும் இருக்கக்கூடிய அறை, நூறு வருடப் பழசு, மேலிருந்து மண் உதிரும், மழை ஒழுகும், மேஜையை நகர்த்தி வைக்க நனையாத இடம் தேட வேண்டும், வடக்கு பார்த்தது என்பதால் மதியம் தாண்டினாலே இருட்டு. அவர் ஒழுகலை அடைத்து, நாலு ஜன்னல் திறந்து, முற்றத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி வெயில் அதில் பட்டு அறைக்குள் திரும்பும்படி செய்கிறார். சித்தப்பா பெரியப்பாக்கள் பாகம் பிரித்து ஊடே சுவர் எழுப்பியதும், விருந்தாளிகள் சமையலறையைத் தாண்டிச் சாப்பிடப் போக வேண்டியிருந்ததும், கோழி கூடத்தில் அடைந்ததும் எல்லாம் இருக்கிறது. இறந்துபோன தாய் முன்பு அந்தக் கதவை விரலால் தட்டி, குழந்தைக்குக் குளிருதா, பசிக்கிறதா என்று கேட்டதை வேலைக்காரப் பாட்டி சொல்லக் கேட்டு அழுகிறார். பெரிய அறிஞர் ஒருவரும் இந்த அறைக்கு வருவதில்லை. வருகிறவர்கள் பாட்டி, மனைவி, பழைய வேலைக்காரி. சீன மூலத்தில் இரண்டு மூன்று பக்கம்தான் வரும், ஒரே அமர்வில் படித்துவிடலாம், லியூவின் கல்வெட்டோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டுமே இன்னும் நன்றாகப் புரியும்.